ஐயனாருக்கு ஒரு கோவேறு கழுதை

நடுரோட்டில் படுத்திருந்த மாட்டைப் பார்த்து, "எந்திரிச்சு ஓரமா லைன்ல நில்லு" என்று அதட்டி, அந்த மாடும் எழுந்துபோய் ஓரமாக நின்றது என்றால், இந்த உலகத்தில் அது ஒரே ஒரு மனிதருக்குத்தான் நடந்திருக்கும். அவர் எங்கள் ஊர் அட்டென்ஷன் மேஜர். மாடு கேட்டது. நாங்கள்தான் கடைசிவரை கேட்கவில்லை.

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோவில் போகிற ரோட்டில், டவுன் பஸ் நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய் நிற்குமே, அதுதான் எங்கள் ஊர். ராணுவத்தில் மேஜராக இருந்து ரிட்டயரான மனிதர், டெல்லி பெங்களூரு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பிறந்த ஊர் என்ற ஒரே காரணத்துக்காக இங்கே வந்து குடியேறினார். அவருடைய நிஜப் பெயரைப் பித்தளைப் பலகையில் எழுதி கேட்டில் மாட்டியிருந்தார். யாரும் படிக்கவில்லை. பால்காரரானாலும் சரி, கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரானாலும் சரி, முதலில் "அட்டென்ஷன்!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். பெயர் அதிலேயே நிலைத்துவிட்டது.

வீட்டிலும் அதே கதைதான். மேஜரம்மா குன்றாண்டார்கோவில் பக்கத்துக்காரர்; சிரித்த முகம், கொஞ்சம் களைத்த சிரிப்பு. ஒருநாள் என்னிடம் சொன்னார்: "சாம்பார்ல உப்புப் பத்தலைன்னா மத்த ஆம்பளைங்க கத்துவாங்க தம்பி. இவரு ரிப்போர்ட் கேக்குறாரு. ஏன் பத்தல, எப்ப தெரிஞ்சுச்சு, என்ன நடவடிக்கை எடுத்தேன்னு. நான் உப்பு டப்பாவத் தூக்கி முன்னால வச்சிட்டுப் போயிருவேன். அதான் என் ரிப்போர்ட்டு."

மேஜர் எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் இருந்தவர் என்பது மட்டும் ஊருக்கு நிச்சயமாகத் தெரியும். மீதியை பஸ் ஸ்டாப் டீக்கடை பார்த்துக்கொண்டது. அவர் இடது காலை லேசாக இழுத்து நடப்பார். குண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்றும், மழைக்காலத்தில் அது நகரும் என்றும் டீ மாஸ்டர் சத்தியம் செய்வார். எதிரியின் டேங்க் ஒன்றை மேஜர் தனியாளாகப் பிடித்ததாக முதலில் பேச்சு வந்தது. தீபாவளி வருவதற்குள் அது மூன்று டேங்க் ஆகிவிட்டது.

ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டார்கள்.

"சார், சண்டையில எத்தன பேரச் சுட்டீங்க?"

"யாரையும் சுடல."

"அட, ஒண்ணு ரெண்டு?"

"எனக்குச் சுடுற வேலையே இல்லப்பா. மலைக்கு மேல சாமான் அனுப்புற வேல."

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போன பிறகு மாஸ்டர் கண் கலங்கிவிட்டார். "பாத்தீங்களா, எம்புட்டு அடக்கம்! பெரிய ஆளுங்க இப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றார். அன்றைக்கே இன்னொரு டேங்க் சேர்ந்தது. உண்மை பேசுகிறவனுக்கு எங்கள் ஊரில் இப்படியெல்லாம் மரியாதை உண்டு.

கல்யாணப் பந்தியில் அவர் நடத்திய யுத்தத்தைச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். நம் ஊர்ப் பந்தி தெரியுமல்லவா? ஒருவர் ரசத்துக்கு வந்திருப்பார்; அவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து முதுகை ஒட்டி நின்றுகொண்டு, எப்போது எழுந்திருப்பான் இந்த ஆள் என்று இலையையே பார்த்துக்கொண்டிருப்பார். மேஜருக்குப் பின்னால் அன்று வந்து நின்றவர் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர். மேஜர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார், எழுந்தார், திரும்பினார்.

"பேரென்ன?"

தலைவர் திகைத்துப்போய்ப் பெயரைச் சொன்னார்.

"நல்லது. என் அப்பளத்துக்குக் காவலா நிக்கிறீங்க. ரொம்ப தேங்க்ஸ். நான் சாப்புட்டு முடிக்கிற வரைக்கும் அசையக் கூடாது. அட்டென்ஷன்!"

முன்னாள் தலைவர் நிஜமாகவே விறைத்து நின்றுவிட்டார். மேஜர் மோர், பாயசம், பீடா வரை நிதானமாக முடித்துவிட்டு, அவர் தோளில் தட்டிக்கொடுத்து "டூட்டி ஓவர்" என்றார். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் மேஜர் இருக்கிற வரிசைக்குப் பின்னால் ஈ, காக்கா வராது. அவருக்குப் பக்கத்து இலையைப் பிடிக்க நாங்களெல்லாம் போட்டி போட ஆரம்பித்தோம்.

அப்புறம் அந்த பிளெக்ஸ். மேஜருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குச் சிங்கப்பூரார் வைத்தது. சிங்கப்பூரார் என்றால் சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பி, கோவில் கமிட்டிக்குத் தலைவரானவர். காது குத்து, கருமாதி எதுவானாலும் அவருக்குப் பிளெக்ஸ் இல்லாமல் ஆகாது. பஸ் ஸ்டாப்பில் தென்னை உயரத்துக்கு நின்றது அது. 'எல்லை காத்த எங்கள் சிங்கமே' என்று எழுத்து. கீழே மேஜரின் ரேஷன் கார்டு முகம், கழுத்துக்குக் கீழே ஏதோ வெளிநாட்டுச் சிப்பாயின் உடம்பு, கட்டுக்கட்டாகப் புஜம். அந்த உடம்பு ஒரு டேங்க் மேல் ஒரு காலை வைத்திருந்தது. மூலையில் சிங்கப்பூரார் கும்பிட்டபடி, மேஜரைவிடக் கொஞ்சம் பெரிதாக.

மேஜர் வந்து நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"இது நம்ம டேங்க் இல்லையே. எதிரியோடது."

சிங்கப்பூரார் அசரவில்லை. "நீங்க பிடிச்சிட்டு வந்ததுன்னு வச்சுக்குவோம் சார்."

"அத எடுத்துட்டு அந்த எடத்துல ஒரு கோவேறு கழுதையப் போடச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் காலை இழுத்துக்கொண்டு போய்விட்டார். சிங்கப்பூராருக்கு முகம் செத்துவிட்டது. தன்னைத்தான் கழுதை என்று திட்டிவிட்டுப் போகிறார் என்று ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. மேஜர் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ள எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது ஐயனார் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர் ஐயனாருக்குப் புரவி எடுப்பு உண்டு. வேண்டிக்கொண்டவர்கள் வேளாரிடம் சொல்லி மண்குதிரை செய்து, கண் திறந்து, மாலை போட்டு, ஊர்ப் பொட்டலிலிருந்து தோளில் சுமந்துபோய்க் கோவிலில் இறக்குவார்கள். முதலில் ஊர்ப் புரவி. பின்னால் மற்றவர்கள் புரவி. ஊர்ப் புரவிக்கு முன் தோள் கொடுப்பவர்களுக்குத்தான் கோவிலில் முதல் பரிவட்டம். அந்த முன் தோள் வடக்குத் தெருவுக்கா தெற்குத் தெருவுக்கா என்று சண்டை வந்து, விழா பல வருஷமாக நின்றே போயிருந்தது. இரண்டு தெருவும் ஒன்றுக்குள் ஒன்று மாமன் மச்சான்கள். பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள். தோள் மட்டும் கொடுக்கமாட்டார்கள்.

போன வருஷம் ஒருவழியாகத் தாலுகா ஆபீஸில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் நானும் போயிருந்தேன். பாதி வழி ஒரு தெரு முன் தோள், மீதிப் பாதி வழி இன்னொரு தெரு என்று முடிவாயிற்று. கைகொடுத்துக்கொண்டோம், போட்டோ எடுத்துக்கொண்டோம், போண்டா சாப்பிட்டோம், பெருமையோடு வேனில் ஊர் திரும்பினோம்.

விழா அறிவித்ததும் மேஜரே என் வீட்டுக்கு வந்தார். கோவில் ஒலிபெருக்கியைப் பற்றிப் புகார் சொல்வதைத் தவிர வேறு கோவில் காரியத்தில் தலையிடாத மனிதர். "நானும் ஒண்ணு எடுக்குறேன். வேளார்ட்ட சொல்லிட்டேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மேஜர் புரவி ஊர்ப் புரவிக்கு அடுத்தபடி வரும் என்று சிங்கப்பூரார் நோட்டீஸே அடித்துவிட்டார்.

நான்காம் நாள் வேளார் மூச்சு வாங்க என் வாசலில் நின்றார்.

"தம்பி, மேஜர் சாரு குதுர கேக்கலீங்க. கழுத கேக்குறாரு."

"என்னது?"

"கோவேறு கழுதையாம். காது இம்புட்டு நீளமாம். முன்னங்காலத் தூக்கக் கூடாதாம். முதுகுல சேணத்துக்குப் பதிலா பொதிச் சட்டம் வைக்கணுமாம். கண்ணுல வீரம் வேணாம், பொறும இருந்தாப் போதும்ங்குறாரு. கண்ணுல பொறுமைய எப்பிடிங்க வைக்கிறது?"

அன்று சாயங்காலமே கோவில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. அரபு நாடுகளிலிருந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில் கொதித்தார்கள். கோவிலுக்கு வரி கேட்டால் அந்தப் பக்கம் நெட்வொர்க் இருக்காது. கழுதை என்றதும் எல்லோருக்கும் சிக்னல் கிடைத்துவிட்டது.

சிங்கப்பூரார் ஆரம்பித்தார். "சார், ஒங்க மேல எங்களுக்கு எம்புட்டு மரியாத இருக்குன்னு ஒங்களுக்கே தெரியும். ஆனா ஐயனாரு கழுதை மேல ஏறி வேட்டைக்குப் போவாரா? பக்கத்து ஊர்க்காரன் சிரிக்கமாட்டானா?"

"சிரிக்கட்டும்."

நான் ஒரு சமரசம் சொன்னேன். "உருவத்துல குதிரையாவே இருக்கட்டும் சார். நீங்க மனசுக்குள்ள கழுதைன்னு நெனச்சுக்கங்க."

"அது ஆள் மாறாட்டம்" என்றார் மேஜர். பிறகு எழுந்து நின்றார். எல்லோரும் ஒரு சத்தத்தை எதிர்பார்த்தோம். சத்தம் வரவில்லை. ரிப்போர்ட் கொடுப்பதுபோல் எங்களுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அப்ப நான் லெப்டினன்ட். சின்னப் பய. வடக்க, மலையில, எனக்குக் குடுத்தது கோவேறு கழுதைப் படை. குண்டு, மாவு, மண்ணெண்ண எல்லாம் அதுங்கதான் மேல கொண்டு போகும். அடிபட்டவங்களக் கீழ கொண்டுவரும். அதுங்களுக்குப் பேரு கெடையாது. குளம்புல நம்பர் போட்டிருப்போம். நான் செய்யச் சொன்ன இது முந்நூத்திப் பதினாறு. ஷெல் விழுந்ததுல என் இடது கால்ல அடி. கழுதையப் பிடிச்சுட்டு வந்த ஆளும் விழுந்துட்டான். ஒரே பனி, மூஞ்சிக்கு முன்னால கைய நீட்டுனாத் தெரியாது. நான் அது கழுத்தக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். யாரும் வழி காட்டல. அதுவா நடந்து, கூடாரத்து வாசல்ல கொண்டாந்து நிறுத்துச்சு."

மண்டபத்தில் ஒரு செல்போன் அடித்து, உடனே அணைந்தது.

"மறுநாள் திரும்பவும் மேல போச்சு. எறங்கி வரல. எனக்கு மெடல் குடுத்தாங்க. அதுக்குக் குடுத்தது என்னக் கொண்டாந்த அன்னிக்குச் சாயந்தரம் வச்ச கொள்ளுதான். ஐயனாரு கோயில்ல வரிசையா நிக்கிற புரவியப் பாக்குறப்பல்லாம் அதுவும் இங்க நிக்கணும்னு தோணும். நீங்க விழா எடுத்தாத்தானே? இந்தத் தடவ விட்டா அடுத்தது எப்பன்னு ஒங்களுக்கும் தெரியாது. அது வரைக்கும் நான் இருக்கணும்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். டீ மாஸ்டர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் இத்தனை நாள் பிடித்துவைத்திருந்த டேங்குகள் எல்லாம் ஒரே நிமிஷத்தில் போய்விட்டன. சிங்கப்பூரார் மட்டும் செருமிக்கொண்டு, "சரி சார், வரட்டும். ஆனா எல்லாப் புரவிக்கும் கடைசியா, வால்ல" என்றார்.

"அதோட எடம் எப்பவும் அதான்" என்றார் மேஜர்.

விழா நாள் வந்தது. பொட்டலில் புரவிகள் வரிசையாக நின்றன. பளபளவென்று மாலையும் பட்டும். கடைசியில், புளியமரத்தடியில் முந்நூற்றுப் பதினாறு. நீளக் காது, பொதிச் சட்டம், தரையில் ஊன்றிய நான்கு கால். வேளார் எப்படியோ கண்ணில் பொறுமையையும் வைத்துவிட்டிருந்தார். சுமப்பதற்குத்தான் யாரும் முன்வரவில்லை. கடைசியில் டீ மாஸ்டர், வேளாரின் தம்பிகள் இரண்டு பேர், அப்புறம் செயலாளருக்கான பட்டு வேட்டியோடு நான். மேஜர் மெடலெல்லாம் குத்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். மேஜரம்மா குடை பிடித்தார்.

கொட்டு முழங்கியது. ஊர்ப் புரவியைத் தூக்கப் போனார்கள். வடக்குத் தெருவும் முன்னால் வந்தது, தெற்குத் தெருவும் முன்னால் வந்தது.

"மொதப் பாதி நாங்க."

"யாரு சொன்னா? மொதப் பாதி நாங்க."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பாதிப் பாதி என்று பேசினோமே தவிர, முதல் பாதி யாருக்கு என்று பேசவே இல்லை. தாலுகா ஆபீஸில் அத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. போண்டா அவ்வளவு ருசி.

வாய்ச்சண்டை முற்றியது. வெயில் ஏறியது. மாலைகள் வாடின. போலீஸ் ஜீப் வந்து நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் விழாவையே நிறுத்திவிடுவார்கள் என்று இன்ஸ்பெக்டர் முகத்தில் எழுதியிருந்தது. சிங்கப்பூரார் இரண்டு பக்கமும் கும்பிட்டுப் பார்த்தார். பிளெக்ஸில் கும்பிட்ட மாதிரியே இருந்தது, பலனும் அவ்வளவுதான். நான் மேஜரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கழுதையின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்றைக்கும் இது கோவில் போய்ச் சேராதோ என்ற பயம் அந்தப் பெரிய மீசைக்காரர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

மேஜரம்மா குடையை மடக்கினார். "ஏங்க, மலையில முன்னால வழி அடச்சுப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

மேஜர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது.

"கடைசில நிக்கிறது திரும்பி வேற வழியாப் போகும்" என்றார். பிறகு பொட்டலே அதிரும்படி: "அட்டென்ஷன்! முந்நூத்திப் பதினாறு, தூக்கு! அங்கிட்டு இல்லப்பா, இங்கிட்டு. கண்மாய்க் கரை வழியா!"

தூக்கினோம். கண்மாய்க் கரை குறுகலான பாதை. இரண்டு புரவி சேர்ந்து போக இடமில்லை, யாரும் யாரையும் முந்த முடியாது. நான் முன்னால் தோள் கொடுத்தேன். "ஸ்டெப் தப்பு செயலாளரே! லெப்ட், லெப்ட்!" என்று மேஜர் காலை இழுத்து இழுத்துக் கூடவே வந்தார். கழுதை நகர்ந்ததைப் பார்த்த கொட்டுக்காரர்கள், வெயிலுக்குத் தப்பினால் போதும் என்று எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். கொட்டு போன பக்கம் மற்ற புரவிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. கழுதைக்குப் பின்னால் போவதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. வடக்குத் தெரு முந்திவிட்டது என்று தெற்குத் தெருவும் சொல்ல முடியாது, தெற்குத் தெரு முந்திவிட்டது என்று வடக்குத் தெருவும் சொல்ல முடியாது. கடைசியில் பொட்டலில் ஊர்ப் புரவியும், கை ஓங்கியபடி இரண்டு தெருக்காரர்களும், ஜீப்பும்தான் மிச்சம். பார்க்க ஆள் இல்லாமல் எவ்வளவு நேரம் சண்டை போடுவது? கிடைத்த தோளைக் கிடைத்த இடத்தில் கொடுத்து, அவர்களும் ஓட்டமாக ஓடிவந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் ஊர் சரித்திரத்தில் முதல் முறையாக ஊரே ஒரே லைனில் போனது.

கோவில் வாசலில் பூசாரி பரிவட்டத்தோடு நின்றார். முதலில் வந்து இறங்கியது கழுதை. அவர் திருதிருவென்று விழித்துவிட்டு, மேஜர் தலையில் கட்டப் போனார். மேஜர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எனக்குக் குடுத்தது போதும். அதுக்குக் கட்டுங்க."

கட்டினார். பழக்க தோஷத்தில் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார் பூசாரி.

"பேரு முந்நூத்திப் பதினாறு. நட்சத்திரம் தெரியாது. நல்ல ஜாதகம்னு போட்டுக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. பூசாரி அந்த நம்பரைச் சொல்லி ஐயனாருக்குத் தீபாராதனை காட்டினார். வரிசையாக நின்ற பழைய புரவிகளுக்குப் பக்கத்தில் கழுதையை இறக்கி வைத்தோம். மேஜர் அதற்கு எதிரே போய் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பிறகு கையை இறக்கி, நாங்கள் அவர் வாயிலிருந்து அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில், "வந்து சேந்துட்டடா. ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்றார்.

அத்தனை வருஷத்தில், விறைப்பை விட்டு ஓய்வாக நில் என்கிற அந்த வார்த்தையை அவர் சொல்லி நாங்கள் கேட்டது அன்றுதான்.

மழைக்காலம் முடிந்து, தை பிறப்பதற்குள் மேஜர் போய்விட்டார். தூக்கத்திலேயே. சிங்கப்பூரார் பிளெக்ஸ் வைத்தார். இந்தத் தடவை டேங்க் இல்லை, மேஜருக்குப் பக்கத்தில் கழுதை. தன்னுடைய படத்தையும் போடவில்லை. பந்தியில் மறுபடி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறார்கள். யாரும் அதட்டுவதில்லை, எனக்குச் சாப்பாடே இறங்கமாட்டேன் என்கிறது. இந்த ஊருக்கு அந்த மனிதர் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.

ஐயனார் கோவில் பக்கம் போகும்போதெல்லாம் நான் மளிகைக் கடையில் கொஞ்சம் கொள்ளு வாங்கிக்கொள்கிறேன். நீளக் காதுக்காரனின் காலடியில் ஒரு கை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். வீட்டில் கேட்டால், கோழிக்கு என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் கோழி கிடையாது.